ஷோன்ப்ருன் அரண்மனைக்கு அரை நாளாவது கொடுங்கள்: ஐரோப்பியச் சுற்றுலா நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். சென்னை, கோவை, மதுரை, திருச்சி எனத் தமிழகத்தின் பல ஊர்களிலிருந்து கோடைதோறும் குழுக்களைத் திரட்டி ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்லும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். என் பெற்றோருடன் நான் எந்த நிறுவனத்தின் வழியாகப் போய் வந்தேன் என்பதை இங்கே சொல்லப்போவதில்லை. ஊர் திரும்பிய பின் கையில் கிடைத்த பயணத்திட்டங்களை எல்லாம் அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவுக்கு அவற்றில் ஒதுக்கியிருந்த நேரம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்நகரில் உள்ள ஷோன்ப்ருன் அரண்மனைக்கும் அதன் தோட்டத்துக்கும் அரை நாளாவது ஒதுக்குங்கள், அரண்மனைக்குள் செல்வதற்கான சீட்டைப் பயணக் கட்டணத்திலேயே சேர்த்து, புறப்படும் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

அந்த நாளின் ஓட்டம் உங்களுக்குத் தெரியாதது அல்ல. காலையில் புடாபெஸ்டில் ஏறி, சுமார் 240 கிலோமீட்டர் கடந்து வியன்னாவில் இறங்கி, மாலைக்குள் மீண்டும் ஏறி, இன்னொரு 300 கிலோமீட்டர் போய் இரவு சால்ஸ்பர்க்குக்கு வெளியே ஒரு விடுதியில் தங்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் வண்டி ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, வாரத்தில் இரு நாட்கள் மட்டும் 10 மணி நேரம் வரை ஓட்டலாம். உயிர்காக்கும் விதி அது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் எங்களை இறக்கிவிட்ட டூர் மேனேஜர் அரண்மனைக்கென்று சொன்ன நேரமும் அதே 45 நிமிடம்தான். ஓட்டுநருக்குச் சட்டம் கொடுத்த ஓய்வு நேரத்துக்குள், ஐந்நூறு ஆண்டுகளை நெருங்கும் ஒரு வரலாற்றை நாங்கள் பார்த்து முடிக்கவேண்டும் என்று யாரோ ஒருவர் அலுவலக மேசையில் அமர்ந்து முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவைப் பற்றித்தான் இந்த மடல்.

என் தந்தை அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவர், எழுபதைக் கடந்தவர், முழங்கால் தேய்மானத்தால் கைத்தடி இல்லாமல் நடக்க இயலாதவர். நெப்போலியன் வீழ்ந்த பிறகு ஐரோப்பாவின் எல்லைகளைத் திருத்தி வரைந்த வியன்னா மாநாட்டைப் பற்றி எத்தனையோ வகுப்புகளில் கரும்பலகை நிறைய எழுதிப்போட்டவர். எங்கள் பயணத்திட்டத்தில் வேறு எந்த ஊரையும் அவர் அடிக்கோடிட்டு வைக்கவில்லை. இந்த அரண்மனையின் பெயரை மட்டும் பேனாவால் வட்டமிட்டு வைத்திருந்தார். பேருந்து நின்ற இடத்திலிருந்து வாயில்வரை நடக்கவே அவருக்கு நேரம் பிடித்தது. காலையிலிருந்து வண்டியில் அடைபட்டு வந்த பெரியவர்கள் எல்லோரும் முதலில் தேடியது கழிப்பறையைத்தான். அங்கே நீண்ட வரிசை. அதை முடித்துக்கொண்டு, சரளைக் கல் பரப்பிய அகன்ற முன்முற்றத்தில் அம்மாவின் தோளைப் பிடித்தபடி அவர் வந்து சேர்ந்தபோது பாதி நேரம் போயிருந்தது.

அதற்குமேலும் அவர் மனம் விடவில்லை. தானே சீட்டுக் கூடத்துக்குப் போய், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், உள்ளே போக முடியுமா என்று கேட்டார். அங்கே நேரம் குறிப்பிட்டுத்தான் சீட்டுத் தருகிறார்கள். அடுத்து இடமிருந்தது இரண்டு மணி நேரம் கழித்து. நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினார். நெப்போலியன் தங்கிய அறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று டூர் மேனேஜரிடம் அவர் கேட்டதற்கு, "சார், டைம் ஆயிடுச்சு, வண்டிக்கு வாங்க" என்பதுதான் பதிலாகக் கிடைத்தது. அந்த இளைஞர்மீது எனக்குக் கோபம் இல்லை. ஒரு கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நாற்பது பேரைத் தலை எண்ணி ஏற்றும் வேலையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அவரே வரலாறும் சொல்லவேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையல்ல. பேருந்து நகர்ந்த பிறகு அப்பா பின்னால் திரும்பி, "உள்ளே போய்ப் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். ஒருவரும் இல்லை. குழு முழுவதும் ஓர் அரண்மனையின் மஞ்சள் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தது.

நீங்கள் எங்களுக்குக் காட்டாமல் விட்டது எவ்வளவு என்பதைச் சொல்லியாக வேண்டும். 1569இல் பேரரசர் இரண்டாம் மாக்சிமிலியன் வாங்கிய வேட்டை நிலம், 1683இல் துருக்கியர் முற்றுகையின்போது பாழாகி, பின்னர் ஃபிஷர் ஃபொன் எர்லாக் என்ற கட்டடக் கலைஞரின் கையால் மீண்டும் எழுந்து, அரசி மரியா தெரசாவின் காலத்தில் 1743 முதல் இன்றைய உருவத்தைப் பெற்றது. அதில் 1,441 அறைகள். மக்கள் பார்வைக்குத் திறந்திருப்பவை சுமார் 40. ஆறு வயதுச் சிறுவனாக இசைமேதை மொசார்ட் 1762இல் அரசியின் முன் வாசித்தது இங்கேதான். 1805இலும் 1809இலும் நெப்போலியன் வியன்னாவைப் பிடித்தபோது தங்கியது இங்கே. அவருடைய மகன் இளமையிலேயே இறந்ததும், 1832இல், இதே கூரையின் கீழ். என் தந்தை பாடம் நடத்திய அந்த மாநாட்டுக்கு வந்த மன்னர்கள் விருந்துண்டதும் இங்கே. பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் 1830இல் இங்கே பிறந்து, 1916இல் இங்கேயே இறந்தார். ஒரு பேரரசை ஆண்டவர் படுத்திருந்த எளிய இரும்புக் கட்டிலை இன்றும் காணலாம். அவருக்குப் பின் வந்த கார்ல் 1918 நவம்பர் 11 அன்று ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகும் அறிக்கையில் கையெழுத்திட்டது இங்குள்ள நீலச் சீன அறையில். அறைக்கு அறை நடந்தாலே ஐரோப்பிய வரலாற்றுப் பாடம் ஒன்று முடிந்துவிடும்.

அந்த நாற்பதில் ஓர் அறையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். விலையுயர்ந்த மரப்பலகை பதித்த அதன் சுவர்களில், வளைந்து நெளியும் பொன் சட்டங்களுக்குள், முகலாய அரசர்களின் வாழ்க்கையைக் காட்டும் இந்திய, பாரசீகச் சிற்றோவியங்கள் இருக்கின்றன. அரச குடும்பத்தினர் அந்த ஓவியங்களை வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்து ஒட்டிப் புதிய காட்சிகளாக்கியிருக்கிறார்கள். மில்லியன் அறை என்பது அதன் பெயர். நம் நாட்டு ஓவியர்களின் கைவேலை, கடல் கடந்து போய், ஓர் ஐரோப்பிய அரசியின் அறைச் சுவரில் ஏறியிருப்பதை இந்தியாவிலிருந்து போகிறவர்கள் பார்க்கவேண்டாமா? குறைந்த அறைகளுக்கான சீட்டு வாங்கினால் எல்லா அறைகளையும் பார்க்க முடியாது. சீட்டு வாங்கித் தரும் ஒருசில நிறுவனங்களும் குறைந்த அறைகளுக்கான சீட்டையே வாங்கித் தருவதால், உள்ளே போகிறவர்களுக்கும் பல அறைகள் தப்பிவிடுகின்றன. எனவே நான் கேட்பது முழுச் சுற்றுக்கான சீட்டு.

தோட்டத்தின் பெரும்பகுதிக்குக் கட்டணமே இல்லை. 1779 வாக்கிலேயே அரச குடும்பம் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. வியன்னா நகரத்து மக்கள் காலையில் ஓடுவதற்கும், பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு உலாவுவதற்கும் அங்கே வருகிறார்கள். பூப்பாத்திகளைத் தாண்டி நேரே போனால் குன்றின் அடியில் 1780இல் முடிக்கப்பட்ட நெப்டியூன் நீரூற்று. அதற்குப் பின்னால் வளைந்து ஏறும் பாதை. உச்சியில் 1775இல் எழுந்த குளோரியெட் மண்டபம். அங்கே நின்று பார்த்தால் அரண்மனையும் அதற்கு அப்பால் வியன்னா நகரமும் ஒருசேரத் தெரியும். 1752இல் தொடங்கி இன்றுவரை நடந்துவரும் விலங்குக்காட்சிச் சாலையும், 1882இல் இரும்பும் கண்ணாடியும் கொண்டு எழுப்பிய பனைமர மாளிகையும் அதே வளாகத்தில் இருக்கின்றன. முழங்கால் வலி உள்ளவர்கள் குன்றேற முடியாது என்பது உண்மை. ஆனால் பருவ காலத்தில் தோட்டத்தைச் சுற்றி ஒரு சிறு வண்டி ஓடுகிறது. அது குளோரியெட்வரை ஏற்றிக்கொண்டு போகிறது. அதில் ஓர் இருக்கை வாங்கித் தந்திருந்தால் என் தந்தை அந்த உச்சியில் நின்றிருப்பார். அப்படி ஒரு வண்டி இருப்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தோட்டத்தின் முதல் பூப்பாத்திவரைகூட அவரால் வரமுடியவில்லை.

நேரம் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். அதே பயணத்தில் கடிகாரக் கடைக்கும், படிகக் கண்ணாடிப் பொருட்கள் விற்கும் கடைக்கும், சாக்லேட் கடைக்கும் நேரம் இருந்தது. அங்கெல்லாம் எவரும் எங்களை அவசரப்படுத்தவில்லை. இந்திய உணவகத்தில் குழு வந்து சேரவேண்டிய நேரம் என்று ஒன்று வைத்துக்கொண்டு, அதற்காக ஊர்களை வெட்டிச் சுருக்குகிறீர்கள். தயிர்ச்சாதம் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிடைத்தால் யாரும் வருந்தமாட்டார்கள். விளம்பரத்தில் நாடுகளின் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போடுவதற்காக எல்லையைத் தாண்டிக்கொண்டே இருக்கிறோம். பாரிஸுக்குப் போகிறவர்கள் வெர்சாய் அரண்மனையைப் பார்ப்பதில்லை, வியன்னாவுக்குப் போகிறவர்கள் ஷோன்ப்ருனைப் பார்ப்பதில்லை. வாழ்நாள் சேமிப்பில், ஓய்வூதியப் பணத்தில், ஒரே ஒருமுறை வெளிநாடு போகும் பெரியவர்கள்தாம் உங்கள் குழுக்களில் பெரும்பாலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அடுத்த முறை என்று ஒன்று வாய்ப்பதில்லை. இதை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள். அறிந்தும் இப்படித் திட்டமிடுவதுதான் மனத்தை வருத்துகிறது.

பயணிகளே அதிக நாடுகளைக் கேட்கிறார்கள், சீட்டைச் சேர்த்தால் கட்டணம் ஏறும் என்ற உங்கள் தரப்பும் எனக்குத் தெரியும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். கூடுதல் தொகையைக் கொடுக்கப் பலர் முன்வருவார்கள். விருப்பம் இல்லாதவர்கள் இலவசமாகத் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். புடாபெஸ்டில் புறப்படும் நாளில் வியன்னாவிலேயே தங்கினால் ஓட்டுநரின் ஓய்வு விதியும் தொல்லை தராது, அரண்மனைக்கு ஒரு பிற்பகல் முழுவதும் கிடைக்கும். நகரின் நடுவிலிருந்து மெட்ரோவிலேயே போய்வரலாம். நான்காம் வழித்தடத்தில் அரண்மனையின் பெயரிலேயே நிலையம் இருக்கிறது.

ஆகவே மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஷோன்ப்ருனுக்கு அரை நாள் கொடுங்கள். முழுச் சுற்றுக்கான சீட்டை, நேரத்தோடு முன்பதிவு செய்யுங்கள். வரலாறு அறிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள். நடக்க இயலாதவர்களுக்குத் தோட்ட வண்டியில் இடம் பிடித்துத் தாருங்கள். இவற்றைச் செய்ய இயலாது என்றால், அரண்மனையை வெளியிலிருந்து 45 நிமிடம் மட்டுமே பார்க்கலாம் என்று பயணத்திட்டத்தில் தெளிவாக அச்சிடுங்கள். பணம் கட்டும் முன்பே நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

அடுத்த கோடைக்கான பயணத்திட்டங்களை நீங்கள் இறுதி செய்யும் முன் இந்த மடலுக்கு உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் குழு ஒன்றில் பெற்றோருடன் பயணம் செய்த ஒரு மகள்