காச்சில் கிழங்கும் சில கடிதங்களும்

நாகர்கோவில்,
ஞாயிறு காலை

அன்புள்ள மீனா,

இங்கே எல்லோரும் நலம். உன் அப்பாவுக்கு முட்டுவலி பரவாயில்லை. மாத்திரை போடுவதைத் தவிர டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் செய்கிறார்.

போன வாரம் நீ போனில் கேட்டதற்கு அடுப்பில் குழம்பு இருந்த அவசரத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். "நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபேயின் 'Things Fall Apart' நாவலைப் பத்தாம் வகுப்புக்கு நடத்தச் சொல்லிவிட்டார்கள் அம்மா. பெண்டாட்டியை அடிக்கிறவனை எப்படிக் கதாநாயகன் என்று சொல்லிக் கொடுப்பேன்?" என்றாய். "வகுப்புக்குத் தகுந்த மாதிரி பார்த்துக்கோ" என்றேன் நான். இருபத்தாறு வருஷம் நூலகத்தில் உட்கார்ந்திருந்தவள் சொல்கிற பதிலா அது? ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தக் கதாநாயகன் ஒக்கொன்க்வோவை உனக்குப் பிடிக்காததில் தப்பே இல்லை. சமாதான வாரத்தில் மனைவியை அடித்ததற்கு அவன் ஊரே அவனுக்கு ஒரு வெள்ளாடு, ஒரு கோழி, துணி, நூறு சோழி என்று அபராதம் போடுகிறது. தன்னை அப்பா என்று கூப்பிட்ட பையனைத் தன் கையாலேயே வெட்டுகிறான். இதையெல்லாம் அச்செபே ஒளிக்கவில்லை, அவனுக்காக வக்காலத்தும் வாங்கவில்லை. அவன் மேல் வருத்தப்படவும் வைக்கிறார், அவனை மன்னிக்கவும் விடமாட்டேன் என்கிறார். எனக்கு அந்தப் புத்தகத்தில் பிடித்ததே அதுதான்.

இன்னொன்று தெரியுமா? அந்த நாவலே வகுப்பில் பிடிக்காமல் போன ஒரு பாடப்புத்தகத்தால் வந்ததுதான். 1948இல் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் படிக்கப் போனவர் அச்செபே. ஒரு வருஷத்தில் அதை விட்டுவிட்டு இலக்கியத்துக்கு மாறினார். அங்கே ஜாய்ஸ் கேரி என்ற வெள்ளைக்கார எழுத்தாளரின் நைஜீரிய நாவலைப் பாடமாக வைத்திருந்தார்கள். ஜான்சன் என்ற கறுப்பு குமாஸ்தா கோமாளி மாதிரி ஆடிப் பாடி, கடைசியில் தன் வெள்ளைக்கார எஜமானின் துப்பாக்கியாலேயே சாகிற கதை. நைஜீரியாவைப் பற்றிய நல்ல நாவல் என்று ஆசிரியர் நடத்தினார். ஒரு மாணவர் எழுந்து, இந்தப் புத்தகத்தில் தனக்குச் சந்தோஷமாக இருந்த ஒரே இடம் ஜான்சனைச் சுட்டுக் கொன்ற இடம்தான் என்று சொல்லிவிட்டார். ஆசிரியர் முகம் எப்படிப் போயிருக்கும்! நம்மைப் பற்றி இப்படியும் எழுதலாம் என்றால் நாமே எழுதினால் என்ன என்ற எண்ணம் அச்செபேக்கு வந்தது அந்த வகுப்பில்தான். அதனால் உன் வகுப்பில் யாராவது முகம் சுளித்தால் பயப்படாதே.

சரி, வாசகர் கடிதங்களுக்கு வருகிறேன். அச்செபேக்கு வந்த கடிதங்களைப் பற்றி அவரே கட்டுரைகளில் எழுதியிருக்கிறார். எனக்கு நாவலுக்குச் சமமாக அவையும் பிடிக்கும். ஒன்று உனக்குப் பக்கத்து ஊர். நியூயார்க்கின் யாங்கர்ஸிலிருந்து ஒரு பள்ளிக்கூடப் பையன், ஓர் ஆப்பிரிக்கப் பழங்குடியின் பழக்கங்களையும் மூடநம்பிக்கைகளையும் தெரிந்துகொண்டதில் மகிழ்ச்சி என்று எழுதினானாம். பாவம், மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறான். யாங்கர்ஸ் மனிதர்களுக்கும் விசித்திரமான பழக்கங்கள் நிறைய உண்டு என்பது அவனுக்குத் தோன்றவில்லையே என்று அச்செபே ஆச்சரியப்படுகிறார். ஆப்பிரிக்காவை இருண்ட இடமாகக் காட்டி நாவல் எழுதிய ஜோசப் கான்ராடை 1975இல் அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்டில் விளாசிய அந்தப் பெயர்பெற்ற உரையின் ஆரம்பத்திலேயே இந்தச் சின்னப் பையனின் கடிதத்தைச் சொல்கிறார். உன் வகுப்பிலும் ஒரு யாங்கர்ஸ் பையன் இருப்பான். அவனைத் திட்டாதே. உங்கள் வீட்டில் இப்படி என்னென்ன உண்டு என்று ஒரு பட்டியல் எழுதிவரச் சொல்.

இன்னொன்று தென்கொரியாவிலிருந்து. ஒரு பெண்கள் கல்லூரி வகுப்பே சேர்ந்து அவருக்கு எழுதியிருக்கிறது. நாவலில் வருகிற இக்போ இனத்தாரின் ஊருக்கும் அவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். அவர்கள் ஜப்பான்காரன் ஆண்டதை நினைத்துப் படித்திருக்கிறார்கள். ஒக்கொன்க்வோவை ஏன் சாகவிட்டீர்கள் என்று அவர்களில் சிலருக்குக் கோபம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 'சிதைவுகள்' என்ற பெயரில் தமிழில் வந்த பிரதி நம் நூலகத்தில் இருந்ததே, அதன் கடைசிப் பக்கத்தில் யாரோ பென்சிலால், "தூக்குப் போட்டிருக்கக் கூடாது" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்கள். நூலகப் புத்தகத்தில் எழுதினால் எனக்கு எவ்வளவு ஆத்திரம் வரும் என்று உனக்குத் தெரியும். அதை மட்டும் நான் அழிக்கவில்லை.

அவருடைய சொந்த ஊர் வாசகர்கள் இவர்களையெல்லாம் விட உரிமை எடுத்துக்கொண்டவர்கள். ஒரு வருஷக் கணக்கை 1965இல் வந்த கட்டுரையில் சொல்கிறார்: மலிவுப் பதிப்பு பிரிட்டனில் சுமார் 800 பிரதி, நைஜீரியாவில் 20,000, மற்ற நாடுகளில் எல்லாம் சேர்த்து 2,500. வெள்ளைக்காரனுக்காக எழுதினார் என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம். (ஆங்கிலத்தில் ஏன் எழுதினார் என்று கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ போட்ட சண்டை தனி. அதற்கு இன்னொரு கடிதம் வேண்டும்.) அதே கட்டுரையில் ஓர் ஆசிரியை வருகிறார். இரண்டாவது நாவலின் நாயகன் காதலித்த பெண்ணை ஏன் கட்டிக்கொள்ளவில்லை, அந்தப் பெண் மாதிரி எத்தனை பேர் இருக்கிறோம், துணிச்சலாக ஒருத்தன் கட்டிக்கொள்வதாக எழுதியிருந்தால் எங்களுக்கு உதவியாக இருந்திருக்குமே என்று அவரிடம் நேராகவே சண்டை. அந்தப் பெண் ஓசு, ஊர் ஒதுக்கிவைத்த வம்சம். உன் பிள்ளைகளுக்கு ஓசு என்றால் யார் என்று நீ விளக்க வேண்டியிருக்கும். நம் மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். முதல் நாவலில் வெள்ளைக்காரனின் வேதக்கோயிலுக்கு முதலில் போகிறவர்கள் யார் என்று பார். ஊர் ஒதுக்கியவர்கள், பெற்ற இரட்டைப் பிள்ளைகளைக் காட்டில் பறிகொடுத்தவள், அப்பனைக் கண்டு பயந்த ஒக்கொன்க்வோவின் மகன் ந்வோயே. வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்று மட்டும் நடத்தினால் இவர்களை மறுபடி வெளியே நிறுத்திவிடுவாய்.

அச்செபேயின் அப்பாவே ஓகிடி என்ற ஊரில் வேதபோதகர். ஆனால் அந்த அப்பாவை வளர்த்த மாமனோ பழைய மதத்துக்காரர். முதலில் மிஷனரிகளுக்குத் தன் வளவில் இடம் கொடுத்தவர், கொஞ்ச நாளில் காலிபண்ணச் சொல்லிவிட்டார். பாட்டு ரொம்பச் சோகமாக இருக்கிறது, என் சாவுக்கு ஒப்பாரி என்று அக்கம்பக்கத்தார் நினைத்துவிடுவார்கள் என்றாராம்! மத விரோதம் எதுவும் இல்லை, பாட்டுதான் சரியில்லை. இரண்டு பக்கத்தையும் பார்த்து வளர்ந்தவருக்குத்தான் இந்த நாவல் கைகூடியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு பையன். அச்செபேயின் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தினார். ஹார்மட்டான் என்று அங்கே புழுதிக்காற்று அடிக்கும் ஒரு பருவம் உண்டு. கட்டுரையில் அதைக் குறிக்க வேண்டிய இடத்தில் ஒரு பையன் பனிக்காலம் என்று எழுதிவைத்தான். ஏனடா என்றால், ஹார்மட்டான் என்று எழுதினால் மற்ற பையன்கள் பட்டிக்காட்டான் என்று கேலி செய்வார்களாம். பல வருஷம் கழித்து நைஜீரிய எழுத்தாளர் சிமமாண்டா அடிச்சியும் ஏழு வயசில் பனி பெய்கிற கதைதான் எழுதினார், பனியைப் பார்க்காமலே. நம்மைப் போன்றவர்களும் புத்தகத்துக்குள் இருக்கலாம் என்று தனக்குக் காட்டியவர்களில் அச்செபே ஒருவர் என்று அவர் சொல்கிறார். ந்சுக்கா என்ற ஊரில் அவர் வளர்ந்த வீட்டில் முன்பு குடியிருந்தவரும் அச்செபேதான்! கதையில் எழுதினால் நம்பமாட்டோம்.

மண்டேலா சிறையில் படித்தார், 50க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்தது என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லாதே. பெரிய புத்தகம் என்று தெரிந்துவிட்டால் பிள்ளைகள் வாயைத் திறக்கமாட்டார்கள். கைப்பிரதி கதையைச் சொல். கையில் இருந்த ஒரே பிரதியை டைப் அடிக்கச் சொல்லி லண்டனுக்குத் தபாலில் அனுப்பினார். மாதக்கணக்கில் பதிலே இல்லை. வானொலியில் அவருடைய மேலதிகாரியாக இருந்த ஏஞ்சலா பீட்டி லண்டன் போனபோது நேரில் போய்ச் சத்தம் போட்டார். அப்புறம்தான் வந்தது. 1958இல் ஹைன்மன் பதிப்பகம் 2,000 பிரதி போட்டது.

இன்னொன்று, புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் 'யாம்' (yam) என்று வருகிற கிழங்கு. உங்கள் ஊரில் அந்தப் பெயருக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் காட்டிவிடுவார்கள். அது இல்லை. நம் காச்சில் வகை, கம்பு நட்டுக் கொடி ஏற்றுவோமே, அது. அந்தப் பாடுபடாமல் ஒருத்தன் இத்தனை மூட்டை வைத்திருக்க முடியாது என்று தெரிந்தால்தான் ஒக்கொன்க்வோவின் திமிரும் புரியும். கொல்லையில் தோண்டியது ஒன்று நாலு கிலோ இருக்கிறது. அப்பா பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கிறேன், வாட்ஸப்பில் அனுப்புகிறேன், வகுப்பில் காட்டு.

அச்செபே 2013 மார்ச் 21இல் பாஸ்டனில் காலமாகிவிட்டார். ஆனாலும் பிள்ளைகளை அவருக்குக் கடிதம் எழுதச் சொல். புத்தகம் பிடிக்கவில்லை என்று எழுதுகிற பிள்ளையின் கடிதத்தை மட்டும் எனக்குப் போனில் படித்துக் காட்டு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் கூப்பிடு, அப்போது அடுப்பு அணைந்திருக்கும்.

அன்புடன்,
அம்மா