முன்வரிசை அம்மாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

நவம்பரில் தம்பிக்குப் பேச்சும் வலது கையும் போனது, அதற்கப்புறம் எப்படி அலைந்தோம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதைத் திரும்ப எழுதப்போவதில்லை. போன சனிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நியூயார்க்கில் 'ஃப்ரெண்ட்ஸ்' என்ற அமெரிக்க டி.வி. தொடரைக் கிண்டல் செய்து போடும் இசை நாடகத்துக்கு எங்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தது உங்களில் சிலர்தான். யார் யார் என்று இன்னும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். 1994 முதல் 2004 வரை ஓடிய அந்தத் தொடரின் 236 பகுதிகளும் தம்பிக்கு மனப்பாடம். மதுரை வீட்டில் கேபிள் வந்த புதிதில் அவனுக்கு ஆங்கிலப் பேச்சு பழக்கியதே அந்தத் தொடரின் ஆறு நண்பர்கள்தான். இப்போது அவனிடம் மிஞ்சியிருப்பது ஏழெட்டு வார்த்தைகள். பேச்சு போனாலும் பாட்டும் தாளமும் சிலருக்குத் தங்கிவிடும், அதை வைத்தே பேச்சை மீட்கும் முறையை 1970களில் பாஸ்டனில் உருவாக்கினார்கள் என்று பேச்சுப் பயிற்சி தரும் அம்மா சொல்லியிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஊரில் விடிய விடிய வள்ளி திருமணம் பார்க்கிற கூட்டம் மாதிரியேதான் இருந்தது அங்கேயும். கதை எல்லோருக்கும் தெரியும். வசனம் வருமுன்பே சிரிப்பு வந்துவிடுகிறது. சாண்ட்லர் வேடக்காரர் மேடைக்கு வந்தபோது மட்டும் ஒரு கணம் சத்தமே இல்லை, அப்புறம்தான் கைத்தட்டல். தொடரில் சாண்ட்லராக நடித்த மேத்யூ பெர்ரி 2023 அக்டோபரில் இறந்ததை யாரும் மறக்கவில்லை.

விளக்கு அணையும் முன்பே பின்னால் யாரோ தொடரின் முகப்புப் பாட்டை முணுமுணுத்தார்கள். முதல் வரி முடிந்ததும், பாட்டில் வருகிற மாதிரியே, அரங்கமே நான்கு முறை கைதட்டியது. எல்லோரும் ஓய்ந்த பிறகு தம்பியின் தட்டு தனியாகக் கேட்டது. வலது கை வராது, இடது உள்ளங்கையால் தொடையில் டப், டப், டப், டப். நாலைந்து தலைகள் திரும்பின. எனக்கு அவன் கையைப் பிடித்து நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. அதை நினைத்தால் இப்போதும் வலிக்கிறது.

அப்போது எங்களுக்கு முன் இருக்கையில் இருந்த நரைத்த முடிக்கார அம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி அவன் வேகத்துக்கே நான்கு தட்டு தட்டினார். அவ்வளவுதான். நாடகம் முழுக்க அதுவே நடந்தது. எல்லோரும் சிரித்து முடித்த பிறகு தம்பிக்குச் சிரிப்பு வரும். உடனே அந்த அம்மாவும் இன்னொரு முறை சிரிப்பார். இடைவேளைக்குப் பிறகு அவர் வரிசையே சேர்ந்துகொண்டது. அந்தத் தொடரைப் படம்பிடித்ததே பார்வையாளர்களை உட்கார வைத்துத்தான் என்று தம்பி அடிக்கடி சொல்வான், அந்தச் சிரிப்பில் பாதி நிஜச் சிரிப்பு என்று. அன்று அவன் சிரிப்பும் அந்த நிஜத்தில் சேர்ந்தது. முடிந்து நான் சக்கர நாற்காலியைத் திருப்பி நிமிர்வதற்குள் அவர் கூட்டத்தில் போய்விட்டார். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

இனி எந்த அரங்கில் யார் தாமதமாகத் தட்டினாலும் நான் கூடத் தட்டுவேன்.

மாவு அரைத்துக் கொடுத்தவர்கள், இன்சூரன்ஸ் தாள்களோடு எங்கள் சமையலறையில் ராத்திரி பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்தவர்கள், பனியில் கார் ஓட்டி வந்தவர்கள், ஊரிலிருந்து அம்மாவுக்குத் தினமும் போன் போட்டவர்கள், பெயர் சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எல்லோருக்கும் என் நன்றி.

அப்புறம் ஒன்று. அன்றிரவு நாற்காலியை எங்கள் குறுகலான வாசலில் திருப்ப முடியாமல் திணறிக்கொண்டிருந்தேன். தொடரில் மாடிப்படியில் சோபாவைத் தூக்கிக்கொண்டு 'திருப்பு' என்று ராஸ் ஆங்கிலத்தில் கத்துவானே, அந்த வார்த்தையைத் தம்பி சொன்னான். "பிவட்." தெளிவாகச் சொன்னான். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.