ஊட்டிக் குளிரும் உன் முழங்காலும்

கோவை,
கார்த்திகை 27

அன்புச் சிநேகிதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஊட்டிக் காந்தலில் உறைபனி இறங்கிவிட்டது, விடிகாலையில் புல்லெல்லாம் உப்பைத் தூவினாற்போல் வெள்ளையாகக் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த சந்தோஷம் அடுத்த வரியிலேயே போய்விட்டது. முழங்கால் இரண்டும் மரக்கட்டையாகிவிடுகிறது, கட்டிலை விட்டு இறங்கவே பயமாக இருக்கிறது என்கிறாய். இங்கே எங்களுக்கு இன்னும் மின்விசிறி ஓடுகிறது. அங்கே நீ படும் பாட்டை நினைத்தால் மனசு கேட்கவில்லை, அதனால் எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. குளிர் உன் மூட்டைத் தேய்க்கவில்லை. தேய்மானம் ஏற்கெனவே இருப்பதுதான். குளிரில் மூட்டுக்குள் இருக்கும் பசை கெட்டியாகலாம் என்கிறார்கள், சுற்றியுள்ள தசையும் நாரும் இறுகலாம், அதனால் இருந்த வலி கூடுதலாகத் தெரிகிறது. வலிக்கிறதே என்று கம்பளிக்குள்ளேயே கிடந்தால் தொடைத் தசை மெலியும். முழங்காலைத் தாங்குவதே அந்தத் தசைதான். மார்கழி முழுக்க உட்கார்ந்தே கழித்தவர்களுக்குப் பங்குனியில் வெயில் வந்தபிறகும் வலி குறையாததற்கு இதுதான் காரணம்.

ஆகவே, கால் தரையில் படுவதற்கு முன்னால் பத்து நிமிஷம் எனக்காக ஒதுக்கு. கம்பளியை விலக்க வேண்டாம். மல்லாந்து படுத்தபடியே இரண்டு பாதங்களையும் மேலும் கீழுமாக இருபது முறை ஆட்டு. பிறகு ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்து. ஐந்து எண்ணும்வரை அழுத்தி, விடு. ஒரு காலுக்குப் பத்து முறை. அழுத்தும்போது முழங்கால் சில்லுக்கு மேலே தொடைத் தசை கல்லாக இறுகுவது கைக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நீ இடுப்பால் அழுத்துகிறாய் என்று அர்த்தம். மூச்சை அடக்காதே, நீ ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவள். அடுத்து, குதிகாலை மெத்தையிலேயே இழுத்து முழங்காலை மடக்கி நீட்டு, அதுவும் பத்து. பிறகு எழுந்து கட்டில் ஓரத்தில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு இறங்கு.

குளித்து முடித்து உடம்பு சூடாக இருக்கும்போது நாற்காலிப் பயிற்சி செய்யலாம். நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து, பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, முன்னால் குனிந்து எழு, மெதுவாக உட்கார். ஐந்து முறையில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்றிரண்டு கூட்டு. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வரை வலி கூடுதலாகவே நின்றால் எண்ணிக்கையைப் பாதியாக்கு, ஆனால் நிறுத்திவிடாதே.

ஒத்தடம் பற்றிக் கேட்டிருந்தாய். உப்பு ஒத்தடம் நல்லதுதான். ஆனால் உப்பு தோலுக்குள் போய் எதையும் செய்வதில்லை, சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, அவ்வளவே. கால் கிலோ கல் உப்பை வெறும் இரும்புச் சட்டியில் நடுத்தரத் தீயில் வறு. படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் இறக்கி, இரண்டு மடிப்புப் பருத்தித் துணியில் தளர்வாக முடி. இறுக்கிக் கட்டினால் மூட்டின் வளைவில் படியாமல் ஒரே இடத்தில் சுடும். பாலியஸ்டர் புடவைத் துண்டு வேண்டவே வேண்டாம், உருகி ஒட்டிக்கொள்ளும். முழங்கையின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்து, சுகமாக இருந்தால் மட்டும் காலில் வை. பதினைந்து நிமிஷம் போதும். வென்னீர்ப் பையாக இருந்தால் கொதிநீர் ஊற்றாதே, முக்கால் பங்குக்குக் குறைவாக நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடு. அதை வைத்துக்கொண்டே தூங்கிவிடக் கூடாது. அண்ணனுக்குச் சர்க்கரை இருப்பதால் பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம். அவருக்கு நீதான் சூடு பார்த்துக் கொடுக்க வேண்டும்.

மூட்டு வீங்கி, தொட்டாலே கொதித்தால் சூடு கூடாது. அப்போது துணியில் சுற்றிய ஐஸ், பத்து நிமிஷம். ஊட்டிக் குளிரில் ஐஸா என்று மலைக்காதே, வீக்கத்துக்கு அதுதான் சரி.

வலிக்கான ஜெல் தடவியும் பலனில்லை என்கிறாய். பட்டாணி அளவு தடவினால் எப்படிக் கேட்கும்? ஒரு சதவீத டைக்லோபினாக் ஜெல் என்றால் ஒரு முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், அதாவது 30 கிராம் குழாய் ஏழு தடவைக்குத்தான் வரும். மருத்துவர் சொன்ன வேளைகளில், சொன்ன நாள்வரை தடவு. தடவிய இடத்தில் ஒத்தடம் கொடுக்காதே, தோல் புண்ணாகலாம். காரமான தைலத்துக்கும் இதே கதிதான். மருந்துக்கடையில் நீயாக வாங்கிய வலி மாத்திரைகளை மட்டும் நிறுத்து. அவற்றில் பல ரத்த அழுத்தத்தை ஏற்றலாம், சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். பெயர்ச்சீட்டு இல்லாத பொட்டலத்தில் யாரோ கொடுத்த மூட்டுவலிப் பொடியையும் தொடாதே. அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முடக்கத்தான் தோசை தாராளமாகச் சாப்பிடு, அதை மருந்துக்கு மாற்றாக நினைக்காதவரை சரி.

வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்காதே. வழுக்காத அடியுள்ள செருப்பு, அதற்குள் கம்பளிக் காலுறை. கைத்தடியை அதிகமாக வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடி. நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். படி ஏறும்போது வலி குறைந்த கால் முதலில், இறங்கும்போது அதிகமாக வலிக்கிற கால் முதலில். முழங்கால் உறையை நடக்கும்போது மட்டும் போடு, கெண்டைக்கால் வீங்கினால் அது உனக்கு இறுக்கம்.

இதைக் கட்டாயம் அண்ணனிடம் சொல்: கதவு ஜன்னலை மூடிவிட்டுக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கக் கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. உயிர் போவதே தெரியாது. ஒருநாள்கூட வேண்டாம்.

எழுந்தபின் உனக்கு விறைப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது? தேய்மானத்தில் பெரும்பாலும் அரை மணிக்குள் இளகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ, இரண்டு கைவிரல் கணுக்களும் சேர்ந்து வீங்கினாலோ அது வேறு வகை வாதமாக இருக்கலாம், மூட்டு மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்தாக வேண்டும். ஒரே மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் வந்தால் மறுநாள்வரை காத்திருக்காதே.

நாளையிலிருந்து ஒரு வாரம், எழுந்த நேரத்தையும் கால் இளகிய நேரத்தையும் காலண்டரில் குறித்து எனக்கு எழுது. உன் கட்டில், நாற்காலி இவற்றின் உயரத்தையும் அளந்து அனுப்பு. தாழ்வாக இருந்தால் அவற்றின் கால்களுக்கு அடியில் வைக்க மரக்கட்டை எத்தனை அங்குலம் வேண்டும் என்று சொல்கிறேன். அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் சிநேகிதி