ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வரும் ஆங்கிலச் சொற்களை கேரள எல்லையிலுள்ள எங்கள் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். மாலையில் என்னிடம் படிக்க வருபவர்களும் அப்படித்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். ‘ரன்’ என்றால் ‘ஓடு’ என்று போட்டிருந்தீர்கள். அதோடு சரி.

‘அவர் ஹோட்டல் நடத்துகிறார்’ என்று பொருள்படும் ‘ஹி ரன்ஸ் எ ஹோட்டல்’ என்ற வரிக்கு எட்டாம் வகுப்பு மாணவி ‘அவர் ஹோட்டலுக்கு ஓடுகிறார்’ என்று எழுதுகிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது. பால் தீர்ந்துபோனால் ‘ரன் அவுட்’ என்கிறது ஆங்கிலம். பையன்களுக்கோ ரன் அவுட் என்றால் ஸ்டம்பு விழ வேண்டும். மூக்கு ஒழுகினாலும் ரன்தான், குழாயில் தண்ணீர் வந்தாலும் ரன்தான், சர்க்கரை நோய் பரம்பரையாக வந்தாலும் ரன்தான். தேர்தலில் போட்டியிடுவதை அமெரிக்கர்கள் ‘ரன்’ என்பார்கள், இங்கிலாந்தில் அதையே ‘ஸ்டாண்ட்’ என்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியைத் திருத்தியவர்கள் ‘ரன்’ என்னும் வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் கண்டிருக்கிறார்கள். 1989 பதிப்பில் ‘செட்’ என்ற சொல்தான் முன்னால் நின்றது.

எங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எட்டாத விஷயம் இல்லை. தமிழில் படமும் ஓடுகிறது, கடையும் ஓடுகிறது, பொழுதும் ஓடுகிறது. கூரையில் வேய்வதும் ஓடுதான். அதிலும் எல்லையில் வளரும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். கொழிஞ்சாம்பாறை டீக்கடையில் ‘வெள்ளம் வேணோ’ என்று கேட்டால் ஒரு பிள்ளையும் திகைப்பதில்லை. யார் கேட்கிறார், எங்கே கேட்கிறார் என்பதை வைத்தே புரிந்துகொள்கிறது. ஆங்கிலம் என்று வந்ததும் சொல்லுக்கு எதிரே ஒரு பொருளை எழுதிக்கொடுத்து, அந்தத் திறமைக்கு வேலையே இல்லாமல் செய்துவிடுகிறோம்.

தினம் ஒரு சொல் போதும். அதே சொல் வரும் நான்கைந்து முழு வாக்கியங்களைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தமிழில் இயல்பாகச் சொல்வது எப்படி என்று கீழே கொடுங்கள். டீக்கடை, பஸ், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை என்று அவர்கள் பார்க்கும் இடங்களிலிருந்தே வாக்கியங்களை எடுக்கலாம். ‘டேக்’, ‘கெட்’, ‘புட்’ மூன்றையும் முதல் வாரத்திலேயே எடுத்துக்கொண்டால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வுக்கு முன் உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.