துடுப்பு, இரைத்தொட்டி ஓடர்: வியாழனுக்குள் அளவு அனுப்பவும்

வணக்கம் உறவுகளே. கயாக்கில் (ஒடுங்கிய சிறு துடுப்புப் படகு) மீன்பிடிக்கும் நம் எல்லாருக்குமாகத் துடுப்பும் உயிர் இரைத்தொட்டியும் (தூண்டில் இரை மீனை உயிரோடு வைக்கும் தொட்டி) ஒன்றாக ஓடர் பண்ணி எடுக்கிறோம். ஞாயிறு காலை 6.30க்கு உப்புவெளிக் கடற்கரையில் கயாக்குடன் வாருங்கள், அளவைச் சரிபார்ப்போம்.

1. கயாக்கின் நடு அகலத்தை அளக்கவும். 75 செ.மீ. வரை என்றால் 230–240 செ.மீ. துடுப்பு. 85க்கு மேல், அல்லது உயர்ந்த இருக்கை என்றால் 250–260. நீளம் குறைந்த துடுப்பு கயாக்கின் விளிம்பில் இடிக்கும்.

2. தண்டு ஃபைபர்கிளாஸ் நல்லது. அலுமினியம் மலிவு, ஆனால் தண்டின் துண்டுகள் சேரும் பொருத்தில் உப்பும் மணலும் ஏறினால் கழராது. எதுவானாலும் நன்னீரில் கழுவி, கழற்றியே வையுங்கள்.

3. துடுப்புக் கயிறு (துடுப்பைக் கயாக்கோடு பிணைக்கும் கயிறு) கட்டாயம். கச்சான் கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று; துடுப்பு போனால் நீங்களும் வெளியேதான் போவீர்கள். தயவுசெய்து இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

4. தொட்டி 20 லீற்றர் போதும். தண்ணீரே 20 கிலோ, பற்றரி வேறு. இருக்கைக்குப் பின்னால் இறுக்கிக் கட்ட வேண்டும். வட்டத் தொட்டியே எடுங்கள்: சதுர மூலையில் சூடையும் சாளையும் முட்டி, செதில் உதிர்ந்து செத்துவிடும். 12 வோல்ற் பம்ப், பற்றரிக்குப் பக்கத்தில் பியூஸ். வெளியேறும் குழாய் உள்வரும் குழாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் மேலால் வழியும். ஒரு டசின் மீனுக்கு மேல் அடைக்காதீர்கள்.

5. இறால் மட்டும் பாவிப்பவர்களுக்குத் தொட்டி தேவையில்லை. மூடி வாளியும் சிறிய காற்றுப் பம்பும் காணும்.

வியாழன் இரவு 8 மணிக்குள் இங்கேயே பதில் போடுங்கள்: கயாக் அகலம், உங்கள் உயரம், தொட்டி வேண்டுமா இல்லையா. ஞாயிறு உயிர்காப்பு அங்கி இல்லாமல் வருபவர்கள் தண்ணீரில் இறங்க முடியாது.