டென்ட் ஒழுகவில்லை, வியர்த்தது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு கடை வாசலில் டென்ட் பைகள் வரிசையாக வந்து இறங்கின. எல்லோருக்கும் ஒரே புகார். "அண்ணா, டென்ட் ஒழுகுது." மழையே இல்லாத ஜனவரியில் எப்படி ஒழுகும் என்று நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை, கேட்டால் சண்டைதான் வரும். வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மொட்டை மாடியில் கட்டி, உள்ளே செய்தித்தாள் பரப்பி, மேலே குழாயால் அரை மணி நேரம் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். ஒன்றில் மட்டும் தையல் வழியாகச் சொட்டியது. அது எங்கள் தவறு, மாற்றிக் கொடுத்துவிட்டோம். மற்றவற்றில் செய்தித்தாள் மொறுமொறுவென்று அப்படியே கிடந்தது.

அப்படியானால் விடியற்காலையில் போர்வையை நனைத்த தண்ணீர் எங்கிருந்து வந்தது? உள்ளே தூங்கியவர்களிடமிருந்துதான். தூங்கும்போது மூச்சிலும் தோலிலும் ஒரு ஆள் ஓர் இரவில் ஒரு டம்ளருக்குக் குறையாமல் தண்ணீரை ஆவியாக விடுகிறார். மூன்று பேர் படுத்தால் முக்கால் லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது வெளியே போக வழி இல்லாவிட்டால், மேலே உள்ள குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. ஜில்லென்ற மோர்ச் சொம்புக்கு வெளியே முத்து முத்தாக வியர்க்குமே, அதேதான். பாத்திரத்துக்கு வெளியே நடப்பது டென்ட்டில் உள்ளே நடக்கிறது. காற்று அடித்து டென்ட் ஒருமுறை உதறினால் போதும், மொத்தமும் மழை மாதிரி முகத்தில் விழும். யாராயிருந்தாலும் ஒழுகுகிறது என்றுதான் நினைப்பார்கள்.

விசாரித்தபோது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: குளிர் தாங்காமல் ஜன்னல், வாசல், மேலே இருக்கும் சின்னக் காற்றுவழி, எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிவிட்டோம். அங்கேதான் விஷயம். காற்றுவழியைத் திறந்தே வையுங்கள், எவ்வளவு குளிர்ந்தாலும். உள் டென்ட் கொசுவலைத் துணியாக இருப்பது காரணமில்லாமல் இல்லை. ஈரம் அதன் வழியே போய் மேலே போர்த்தும் ரெயின் ஃப்ளையில் படியும், வழிந்து ஓரமாக இறங்கும். ஃப்ளை தொய்ந்து உள் துணியைத் தொட்டால் ஈரம் உள்ளே வந்துவிடும். நள்ளிரவில் பாலியெஸ்டர் பனியில் கொஞ்சம் தளரும், நைலான் இன்னும் அதிகம் தளரும். படுக்கப் போகும் முன் ஒருமுறை கயிறுகளை இழுத்துக் கட்டிவிட்டுப் படுங்கள். ஈரத் துணிகளை உள்ளே காயப் போடாதீர்கள். கொஞ்சம் வியர்க்கத்தான் செய்யும், விலை கூடிய டென்ட்டும் வியர்க்கும். ஒரு பழைய துண்டை வாசல் பக்கம் வைத்துக்கொண்டால் காலையில் துடைத்துவிடலாம். ஃப்ளை இல்லாத ஒற்றைத் துணி டென்ட்டுகள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. அவை கடற்கரையில் மத்தியான வெயிலுக்கு நல்லது. மலைக்கு வேண்டாம்.

காற்றுவழியைத் திறந்தால் குளிராதா? குளிரும். ஆனால் உங்களை நடுங்க வைத்தது அந்தக் காற்று அல்ல, தரை. இதை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் கடையில் எங்களுக்குத் தொண்டை வற்றுகிறது. டென்ட் வாங்க வருபவர்கள் டென்ட்டை மட்டும் அரை மணி நேரம் பார்க்கிறார்கள். கீழே விரிக்கும் மேட்டைக் காட்டினால் "வீட்டில் பாய் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். டென்ட் துணி குளிரைத் தடுக்காது. காற்றையும் மழையையும் பனியையும் மறைக்கும், அவ்வளவுதான்.

ஒரு கணக்கு பாருங்கள். நம் கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர். ஊட்டி சுமார் 2,240. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஆக ஊட்டி நம்மைவிடப் பன்னிரண்டு டிகிரி குளிர். இங்கே ஜனவரி விடிகாலையில் 18 என்றால் அங்கே 6. மேகமில்லாத இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் போய்த் தேங்குவதால் தலைகுந்தா போன்ற இடங்களில் அதற்கும் கீழே இறங்கி, புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். அதனால் மலையில் டென்ட் போடும்போது ஆகப் பள்ளமான இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஓடைக்கரைப் புல்வெளி மாலையில் அழகாக இருக்கும். அதிகாலை நான்கு மணிக்கு அதே இடம் ஐஸ் பெட்டி. வால்பாறை, ஏலகிரி எல்லாம் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர்தான், அங்கே இவ்வளவு பாடு இல்லை.

உங்கள் எடை அழுத்தும் இடத்தில் ஸ்லீப்பிங் பேக்கின் பஞ்சு நசுங்கிப்போகிறது. நசுங்கிய பஞ்சில் காற்று இல்லை. காற்று இல்லாவிட்டால் கதகதப்பும் இல்லை. அதனால் கீழிருந்து வரும் குளிரை மேட் மட்டுமே தடுக்கும். மேட்டின் தடுப்பாற்றலை ஆர் வேல்யூ என்று எண்ணாகக் குறிப்பார்கள். சுருட்டி எடுத்துப் போகும் சாதாரண ஃபோம் மேட் 2-ஐ ஒட்டி வரும். நம் பக்கத்து மலைகளுக்கு அது போதும். ரொம்பக் குளிர்கிற ஆட்கள் இரண்டு விரித்துக்கொள்ளலாம். விருந்தாளிக்கு ஊதிப் போடுகிற பெரிய காற்று மெத்தையைக் காரில் போட்டுக்கொண்டு போகிறார்களே, அதற்கு ஆர் வேல்யூ 1 கூட வராது. உள்ளே அவ்வளவு காற்று இருப்பதால் அது சும்மா சுழன்றுகொண்டே உங்கள் சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். மெத்தென்று இருக்கும், விறைத்தும் போவீர்கள். மேட் வாங்க மனமில்லையா, வீட்டுப் பவானி ஜமக்காளத்தை நாலாக மடித்து அடியில் போடுங்கள். அதற்கும் கீழே செய்தித்தாள். நாங்கள் வியாபாரிகள்தான், இருந்தாலும் சொல்கிறோம்: முதல் தடவைக்கு அதுவே தாங்கும்.

ஸ்லீப்பிங் பேக் உறையில் பெரிதாக "0 டிகிரி" என்று போட்டிருந்தால் உடனே மயங்க வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தரப்படி சோதித்த பைகளில் மூன்று வெப்பநிலைகள் இருக்கும். கம்ஃபர்ட் என்பது குளிர் சற்று அதிகம் உணரும் ஒருவர், பெண்களை வைத்துக் கணக்கிடுவார்கள், நிம்மதியாகத் தூங்கும் அளவு. லிமிட் என்பது ஓர் ஆண் உடம்பைக் குறுக்கிப் படுத்துச் சமாளிக்கும் அளவு. எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் பிழைப்பதற்கான அளவு, தூங்குவதற்கானது அல்ல. உறையில் எது பெரிய எழுத்தில் இருக்கிறது என்று விற்கிறவர்களைக் கேளுங்கள். எங்களையும் கேளுங்கள். மூன்றும் இல்லாமல் ஒற்றை எண் மட்டும் இருந்தால், அதற்குப் பத்து டிகிரி கூட்டித்தான் நாங்களே கணக்கு வைத்துக்கொள்வோம்.

அளவு பற்றிச் சுருக்கமாக. "நாலு பேர் டென்ட்" என்றால் நாலு பேர் மத்தி மீன் மாதிரி அடுக்கிப் படுக்கலாம் என்று பொருள். தலைக்கு 60 செ.மீ. அகலம், ஏறக்குறைய ரயில் பெர்த். பைகளுக்கு இடமில்லை. இரண்டு பேருக்கு மூன்று பேர் டென்ட், குழந்தையோடு தம்பதி என்றால் நாலு பேர் டென்ட், இதுதான் எங்கள் வழக்கம்.

மழைக்கு வருவோம். டென்ட் பையில் 1,500 மி.மீ., 3,000 மி.மீ. என்று எழுதியிருப்பது துணிமேல் எவ்வளவு உயரத் தண்ணீரை நிறுத்தினால் கசியத் தொடங்கும் என்ற அளவு. ஃப்ளைக்கு 1,500, 2,000 போதும். தரைத் துணிக்கு 3,000 இருக்கட்டும். முட்டி போட்டு உட்காரும்போது அந்த ஓரிடத்தில் அழுத்தம் அதிகம். 10,000 என்று போட்டு விலை கூட்டினால் கொடுக்க வேண்டியதில்லை. எண்ணைவிடத் தையலைப் பாருங்கள். தையல் மேல் உட்பக்கமாக டேப் ஒட்டியிருக்கிறதா, ஓரம் உரிந்திருக்கிறதா?

மழைக்காலத்தில் எங்களிடம் திரும்பி வந்த டென்ட்டுகள் பலவற்றில் உண்மையாகவே தண்ணீர் புகுந்திருக்கிறது, ஆனால் கீழிருந்து. அடியில் தார்ப்பாய் விரிக்கிறார்கள், நல்ல பழக்கம்தான். அந்தத் தார்ப்பாய் டென்ட்டுக்கு வெளியே ஒரு அடி நீட்டிக்கொண்டிருக்கும். ஃப்ளையில் வழிகிற மழை முழுக்க அதில் விழுந்து, தார்ப்பாய்க்கும் டென்ட்டுக்கும் நடுவே குளம் கட்டிவிடும். தார்ப்பாய் டென்ட் தரையைவிட நாலு புறமும் ஓர் அங்குலம் சிறிதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் ஓரத்தை உள்பக்கம் மடித்துவிடுங்கள்.

முளையை நேராக அடிக்காதீர்கள். தலை டென்ட்டைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கும்படி அடித்தால் கயிறு இழுக்க இழுக்கப் பிடிக்கும். டென்ட் பக்கம் சாய்த்து அடித்தால் முதல் காற்றிலேயே உருவிக்கொண்டு வரும். மழையில் ஊறிய மண்ணில் எப்படி அடித்தாலும் நிற்காது, முளை மேல் ஒரு கல்லைத் தூக்கி வைக்க வேண்டியதுதான். யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரத்தடியில் டென்ட் போடாதீர்கள், சொல்லாமல் கொள்ளாமல் கிளையை உதிர்க்கிற மரம் அது. வறண்டு கிடக்கிற ஓடை மணலும் வேண்டாம். மேலே எங்கோ பெய்கிற மழைக்கு இங்கே தண்ணீர் வரும்.

கம்பி விஷயத்தில் ஒரு ஒப்புதல். ஆரம்பத்தில் ஃபைபர் கம்பி டென்ட்டுகளைத்தான் அதிகம் விற்றோம், விலை குறைவு என்று. ஃபைபர் வெயிலில் கிடந்து கிடந்து நாராகப் பிளக்கும், கையில் சிலாம்பு ஏறும். அலுமினியம் என்றால் வளையும், நிமிர்த்திக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை போகிறவர்களுக்கு ஃபைபரே போதும். ஒடிந்த இடத்தில் மாட்டுகிற சின்னக் குழாய் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கனவே எங்களிடம் வாங்கியவர்களுக்கு அதை இலவசமாகவே தருகிறோம்.

அடுத்து, எல்லோரும் கேட்கிற கேள்வி: "எங்கே போய் டென்ட் போடலாம்?" காட்டில் கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை இணைய முன்பதிவுக்குத் திறந்தது. வழிகாட்டியோடு நடக்க அருமையான ஏற்பாடு. எங்கே தங்கலாம் என்பது அங்கேயும் அவர்கள் சொல்வதுதான். மலைப் பாதையில் காரை ஓரங்கட்டி, கண்ணில் பட்ட மேட்டில் டென்ட் அடிக்கிற ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள்.

மிச்சம் இருப்பது தனியார் எஸ்டேட்டும் பண்ணையும். அங்கேயும் பணம் கட்டிவிட்டோம் என்று கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே ஒரு தங்குமிடத்தின் டென்ட்டில் தங்கியிருந்த பெண் யானை தாக்கி இறந்துபோனார். போன் செய்யும்போதே நேராகக் கேளுங்கள்: டென்ட் தங்கலுக்கு அனுமதி இருக்கிறதா, யானை கடைசியாக எப்போது வந்தது, இரவில் காவலுக்கு ஆள் உண்டா, கழிவறை எத்தனை அடி தூரம்? பலா பழுக்கிற காலத்தில் பலாத் தோப்புக்குள் படுக்க எந்த உள்ளூர்க்காரரும் ஒத்துக்கொள்ள மாட்டார். வாழைப்பழம், கரும்பு, உப்பு எதையும் டென்ட்டுக்குள் வைக்காதீர்கள், காரில் பூட்டுங்கள். காற்றுவழி தவிர, வாசல் ஜிப் எப்போதும் மூடியிருக்கட்டும். ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள். புதர்ப் பக்கம் போய் வந்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்து, உடம்பில் எங்காவது சிகரெட் சுட்ட மாதிரி கறுத்த வடு தெரிந்தால், அது உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். காட்டுப் பக்கம் படுத்திருந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அடுப்பு. டென்ட்டுக்குள் எந்த அடுப்பும் கூடாது. கரி அணைந்துவிட்டது என்று கங்கோடு சட்டியை உள்ளே வைப்பது இன்னும் மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைச் சாய்த்துவிடும். இதில் கொஞ்சம் பரவாயில்லை என்று ஒன்று கிடையாது. அப்புறம், உறைபனி நேரத்தில் பியூட்டேன் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று திருப்பிக் கொடுத்தவர்களுக்கு: சிலிண்டரில் குறையில்லை, பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாக மறுக்கும். வெளியே எடுப்பதற்கு முன் சற்று நேரம் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கடை ஏற்பாடுகள். இனி முதல்முறை வருகிறவர்களுக்கு டென்ட்டை உடனே விற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுங்கள், மேட்டோடு சேர்த்துத்தான் தருவோம். பிடித்திருந்தால் அந்த வாடகையை விலையில் கழித்துக்கொள்வோம். பிடிக்காவிட்டால் உங்கள் வீட்டுப் பரணில் இன்னொரு பை ஏறாது. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு எங்கள் மொட்டை மாடியில் கட்டிப் பழகலாம், கட்டணம் இல்லை. இருட்டிய பிறகு ஹெட் லைட் வெளிச்சத்தில் இன்னொரு தடவை கட்டச் சொல்வோம், கோபிக்காதீர்கள். மலையில் போய்ச் சேர்வது பெரும்பாலும் இருட்டிய பிறகுதான்.

வாடகை டென்ட்டை ஈரத்தோடு மடித்து வந்தால் அபராதம் என்று இருந்த விதியை எடுத்துவிட்டோம். அபராதத்துக்குப் பயந்து, ஈரம் என்பதைச் சொல்லாமலே கொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்று நாள் பையில் புழுங்கினால் பூஞ்சை பிடிக்கும். தொடர்ந்து அப்படி வைத்தால் துணியின் உட்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும், பிறகு அந்த டென்ட் குப்பைக்குத்தான். ஈரமாக இருந்தால் ஈரம் என்று சொல்லுங்கள், நாங்கள் மாடியில் காயப் போட்டுக்கொள்கிறோம். சொந்த டென்ட்டை நிழலில் காயப் போடுங்கள், கொளுத்தும் வெயிலில் வாரக்கணக்கில் விடாதீர்கள்.

ஜனவரியில் டென்ட்டைக் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்கு: எல்லாவற்றையும் துடைத்து, காயவைத்து, தையலுக்குப் பசை பூசி வைத்திருக்கிறோம். பையில் உங்கள் பெயர்ச் சீட்டு இருக்கிறது. வரும்போது உங்களிடம் உள்ள முளைகளை எண்ணிக்கொண்டு வாருங்கள். ஐந்து பைகளில் முளை குறைகிறது, யாருடையது எது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை.

அன்புடன்,
உங்கள் டென்ட் கடைக்காரர்கள்,
கோயம்புத்தூர்