முதுகுவலி என்றுதான் நாங்களும் நினைத்தோம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் அண்ணன் கப்பல் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அதனால் அவருக்கு முதுகு வலித்தபோது வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கோடாலித் தைலம் தேய்த்தார், உருவிவிடும் ஒருவரிடம் மூன்று முறை போனார், கடையில் டிக்லோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கி விழுங்கினார். ஆனால் வேலை செய்து வரும் வலி படுத்தால் குறையும், இவருக்குப் படுத்தால்தான் கூடியது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கூடத்தில் உட்கார்ந்திருப்பார் என்று அண்ணி சொன்னபோதும் எங்களுக்கு உறைக்கவில்லை.

ஸ்கேனில் பார்த்தபோது இடுப்பு முதுகெலும்பு ஒன்று பாதி அரித்துப்போயிருந்தது. நோய் தொடங்கிய இடம் எலும்பு இல்லை, கல்லீரல், அங்கே 7 சென்டிமீட்டர் கட்டி. சொந்தக்காரர்கள் பலர் அவருக்கு இரண்டு புற்றுநோய் என்றே கடைசிவரை பேசினார்கள். அப்படியில்லை. கல்லீரலின் புற்று அணுக்கள் ரத்தத்தோடு போய் எலும்பில் உட்கார்ந்துகொள்கின்றன, எலும்பில் இருந்தாலும் அது கல்லீரல் புற்றுதான், மருந்தும் அதற்கானதுதான். எலும்புகளில் முதுகெலும்பு, இடுப்பெலும்பு, விலா, தொடையெலும்பு ஆகியவைதான் அது அதிகம் போகும் இடங்கள்.

என் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்து அண்ணனுக்கு வையுங்கள் என்று மருத்துவரிடம் கேட்டேன், கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் பொறுமையாக விளக்கினார். மாற்று அறுவை சிகிச்சைக்கு உலகெங்கும் பின்பற்றும் பழைய அளவுகோல், ஒரே கட்டி என்றால் 5 சென்டிமீட்டருக்குள், மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள். இப்போது இதைக் கொஞ்சம் தளர்த்துகிறார்களாம், ஆனால் கல்லீரலை விட்டு வெளியே போயிருந்தால் மாற்றுவதில் பயனில்லை, உடம்பில் மற்ற இடத்தில் இருப்பது புதுக் கல்லீரலுக்கும் வந்துவிடும். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் நானும் அண்ணியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு மருந்தையும் டிரிப்பில் ஏற்றினார்கள். பத்து வருடத்துக்கும் மேலாகக் கொடுத்துவந்த சோராஃபெனிப் மாத்திரையைவிட இது ஆயுளைக் கூட்டுகிறது என்று 2020இல் ஆய்வு வந்தது. ரத்தக் கசிவு ஆபத்து உண்டு என்பதால் ஆரம்பிக்கும் முன் வாய்வழியே குழாய் விட்டு உணவுக்குழாயின் ரத்த நாளங்களைப் பார்த்தார்கள். எலும்புக்குத் தனியாக ஓர் ஊசி, அதற்கு முன் பல் மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள், தாடை எலும்பு பாதிக்கப்படலாமாம்.

நான் இதை எழுத உட்கார்ந்ததே அடுத்த விஷயத்துக்காகத்தான். வலிக்கு ரேடியோதெரபி, அதாவது கதிர்வீச்சு, கொடுக்கலாம் என்று முதல் வாரமே சொன்னார்கள். ஊரிலிருந்து அத்தை போன் போட்டு, "கரண்ட் வெச்சா உடம்பு தாங்காதுப்பா" என்றார். நாங்களும் பயந்து மூன்று வாரம் தள்ளிப்போட்டோம். அந்த மூன்று வாரமும் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார், கேட்டால் "பரவால்லடா தம்பி" என்பார். கடைசியில் வைத்தது ஒரே ஒரு முறை, 8 கிரே என்ற கதிர்வீச்சு அளவு. படுக்க வைத்து, எழுப்பி, வீட்டுக்கு அனுப்பியாயிற்று. இரண்டு நாள் வலி கொஞ்சம் கூடியது, அப்புறம் மெதுவாக இறங்கியது, பத்தாவது நாள் கீழே காப்பிக்கடைக்குத் தானே நடந்து போய் தே தாரேக் குடித்தார். சிலருக்குப் பிறகு இன்னொரு முறை வைக்க வேண்டியிருக்கும், எல்லாருக்கும் வலி முழுதாகப் போகாது, ஆனாலும் அந்த மூன்று வாரத்தை நான் அவருக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது.

மார்ஃபினும் இப்படித்தான். அது கடைசி நேரத்து மருந்து, பழக்கமாகிவிடும் என்று அண்ணி பாட்டிலை அலமாரியில் மறைத்துவைத்தார். மருத்துவர் சொன்ன அளவில், வலிக்குக் கொடுக்கும்போது அந்தப் பயம் வேண்டாம் என்று வீட்டுக்கு வந்த அந்திமகாலப் பராமரிப்புத் தாதி புரியவைத்தார். மலச்சிக்கல் வரும், அதற்குக் கூடவே மருந்து தருவார்கள். மாறாக, அண்ணன் யோசிக்காமல் விழுங்கிய டிக்லோஃபெனாக்தான் கல்லீரல் சுருங்கியவர்களுக்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும். முதுகெலும்பில் நோய் இருப்பவருக்குத் திடீரென்று கால் தளர்ந்தாலோ மரத்துப்போனாலோ சிறுநீர் போக முடியாவிட்டாலோ அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் வரை காத்திருக்காதீர்கள், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

தேக்கா சந்தையிலிருந்து கீழாநெல்லியும் வந்தது. அன்போடு கொண்டுவந்தவரைக் குறை சொல்ல மாட்டேன். கல்லீரல் புற்றுக்கு வழிவிடும் ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கு அது உதவுகிறது என்று 1988இல் சென்னை ஆய்வு ஒன்று வந்தது உண்மை, ஆனால் பிறகு நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஆம், அண்ணனுக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தது. இளம் வயதில் ரத்ததானம் செய்யப் போனபோதே தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும் ரத்தப் பரிசோதனையும் ஒழுங்காகச் செய்துவந்தவர், கோவிட் சமயத்தில் ஒன்று தவறியது, உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அப்படியே விட்டுவிட்டார். சின்னதாக இருந்தபோதே அந்தக் கட்டி கண்ணில் பட்டிருக்கலாம். சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தத் தடுப்பூசி 1987இலிருந்து போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்களும் வெளிநாட்டில் பிறந்து இங்கே வந்தவர்களும் ஒரு தடவையாவது ரத்தம் சோதித்துக்கொண்டார்களா? இதை உங்கள் பத்திரிகையில் எடுத்து எழுதுங்கள், ரேடியோதெரபி, மார்ஃபின் பற்றியும் ஒரு மருத்துவரைத் தமிழில் பேசவைத்துப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் பலதுறை மருந்தகத்தில் சோதித்தோம். எனக்கும் தம்பிக்கும் இல்லை, தடுப்பூசியில் இரண்டு போட்டாயிற்று, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. அக்காவுக்கு இருக்கிறது. அவருடைய முதல் ஸ்கேன் அடுத்த செவ்வாய்க்கிழமை, நான்தான் கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், செம்பவாங்